'டென்த் வந்தாச்சு டீச்சர்...' பாட்டு வகுப்பை விட்டு விலக ஒரு பொய் தேவையா?

வீட்டில் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். மாணவர்கள் நின்றுபோகும்போது பெற்றோர் சொல்லும் காரணங்கள் மூன்றோ நான்கோதான். 'டென்த் வந்தாச்சு டீச்சர்', 'ட்யூஷன் டைம் இடிக்குது', 'வீடு மாத்துறோம்', 'கொஞ்ச நாள் கழிச்சு அனுப்புறோம்'.

இவற்றில் நிஜமும் உண்டு. பொதுத்தேர்வு வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் பாட்டு நோட்டு பரணுக்குப் போய்விடுகிறது. ஆனால் பல நேரங்களில் பிள்ளை பாட்டை விடுவதில்லை. டீச்சரைத்தான் விடுகிறது. அடுத்த மாதமே வேறு தெருவில், வேறு ஒருவரிடம் வகுப்பு தொடங்கிவிடுகிறது. அதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

ஸ்கூல் மாற்றினால் டி.சி. வாங்குகிறோம். டாக்டரை மாற்றினால் பழைய ரிப்போர்ட்டுகளைக் கையோடு எடுத்துப் போகிறோம். ஏழெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையின் குரலைக் கேட்ட ஒருவரிடமிருந்து மட்டும், ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் ஓசைப்படாமல் நழுவிவிடுகிறோம். அதில் நஷ்டம் யாருக்கு என்பதைத் திருச்சியில் ஒரு குடும்பம் அண்மையில் தெரிந்துகொண்டது.

ஐந்து கட்டையும் ஒரு கட்டையும்

அந்தப் பையன் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு விஜயதசமி அன்று உறையூரில் இருக்கும் டீச்சர் வீட்டில் சேர்ந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்துக் கொடுத்து, மாயாமாளவகௌளையில் 'ஸ ரி க ம' என்று ஆரம்பித்தது. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாக ஏறி, எட்டு வருஷத்தில் நாற்பது கீர்த்தனைகளுக்கு மேல் பாடம். செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஐந்து மணி என்றால் அவன் சைக்கிள் டீச்சர் வீட்டு வாசலில் நிற்கும். தாத்தா இறந்த வாரம் தவிர, மட்டம் போட்டதே இல்லை.

ஒன்பதாம் வகுப்பில் குரல் உடைந்தது.

பெரியவர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பொதுவாகப் பன்னிரண்டு வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள் பையன்களுக்குக் குரல்வளை வளர்கிறது. உள்ளே இருக்கும் குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுகிறது. ஒரே நாளில் இறங்காது. சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும், ஒரு வார்த்தை கீச்சென்றும் அடுத்த வார்த்தை கரகரவென்றும் வரும். அந்தக் காலத்து பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இதைக் கண்டு நடுங்குவார்கள். நேற்றுவரை மேடையில் ஸ்திரீபார்ட் பாடிக் கைத்தட்டல் வாங்கிய பையன், குரல் உடைந்ததும் அந்த வேஷத்தைப் பறிகொடுத்துவிடுவான்.

கர்நாடக சங்கீதத்தில் இதன் சிக்கல் இன்னும் துல்லியமானது. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வைத்துச் சுருதியைச் சொல்வது நம் வழக்கம். முதல் கட்டையை ஷட்ஜமாக வைத்தால் ஒரு கட்டை. ஐந்தாவதை வைத்தால் ஐந்து கட்டை. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரையில் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரையில். குரல் உடையாத சிறுவனுக்குப் பெண் குரலின் சுருதி சரியாகப் பொருந்தும். அதனால்தான் டீச்சர் பாட, அவன் அப்படியே திருப்பிப் பாட, எட்டு வருஷம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

இப்போது டீச்சரின் ஐந்து கட்டையில் அவனுக்கு மேல் ஷட்ஜம் எட்டவில்லை. ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சத்தமே எழும்பவில்லை. சுருதிப் பெட்டியை அவனுக்காக ஒரு கட்டைக்கு மாற்றினால், டீச்சரால் அந்தச் சுருதியில் முழுப் பாட்டையும் பாடிக்காட்ட முடியவில்லை. ஒரு பக்கம் ரொம்பக் கீழே, இன்னொரு பக்கம் ரொம்ப மேலே. நடுவில் பிடிக்க இடமில்லை.

பெண் குருவிடம் ஆண்கள் கற்கவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. டி.பிருந்தாவிடம் பதங்கள் கற்றுக்கொண்டவர்களில் ராம்நாட் கிருஷ்ணனும் ஒருவர். ஆனால் அவர் குரலும் ஞானமும் நிலைபெற்ற வித்வான். எந்தச் சுருதியில் கேட்டாலும் தன் சுருதிக்கு மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். குரலே இன்னும் எங்கே நிற்கப்போகிறது என்று தெரியாத பதினாலு வயதுப் பையனுக்குப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு கை வேண்டும். தன் குரலைப் போன்ற ஒரு குரல் வேண்டும்.

தெரு முனையில் நின்ற சைக்கிள்

மோகன வர்ணத்தில் மேலே போகும் இடங்களில் பையனின் குரல் கீச்சிட்டது. கூடப் படிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் அவர்களை அதட்டினார். அந்த அதட்டல் அவனுக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தொண்டை வலிக்கிறது என்பான். காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, "வளர்ற வயசு, ஒண்ணுமில்ல. இப்போதைக்குக் கத்திப் பாட விடாதீங்க" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா ஆபீசிலிருந்து சீக்கிரம் திரும்பியபோது, டீச்சர் வீட்டுத் தெரு முனையில் மகனின் சைக்கிள் நின்றது. பக்கத்திலேயே அவனும் நின்றிருந்தான். மணி ஐந்தே முக்கால். வகுப்பு முடியும் நேரம் வரை அங்கேயே நின்றுவிட்டு வீட்டுக்குப் போவது மூன்று வாரமாக நடந்துகொண்டிருந்தது.

அன்று ராத்திரி வீட்டில் பேச்சு நடந்தது.

"இன்னும் ரெண்டு மாசத்துல டென்த். அதைச் சொல்லி நிறுத்திடு. யாருக்கும் மனசு நோகாது" என்றார் அப்பா.

பாட்டி ஒப்பவில்லை. "எட்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவங்க. பொய் சொல்லிட்டு வர்றது பாவம்மா" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா நிஜத்த எப்படிச் சொல்லுவ?" என்று அவரே கேட்டார்.

பையன் கடைசியில் ஒன்று சொன்னான். "அம்மா, நான் பாட்ட விடலை. ஆனா டென்த்னு சொன்னா நிஜமாவே விடணும். இல்லேன்னா டீச்சருக்குத் தெரிஞ்சுடும்."

அம்மாவுக்கு அதற்குப் பதில் இல்லை. அவன் சொன்னது சரி. இந்தப் பொய்க்கு ஒரு தொடர் செலவு உண்டு. புது வகுப்பு டீச்சர் கண்ணில் படக்கூடாது. கோயில் நவராத்திரியில் பாடக் கூடாது. ஸ்கூல் ஆண்டு விழாவில் பாடினால் வீடியோவை ஸ்டேட்டஸில் போடக் கூடாது. ஒரே ஊரில், ஒரே கடைத்தெருவில், எதிரே வரும் டீச்சரைப் பார்த்ததும் பையன் தலையைக் குனிந்துகொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். எட்டு வருஷம் சங்கீதம் கற்ற இடத்தில் கடைசியாக அவன் கற்கும் பாடம் அதுவாக இருக்கும்.

குருவை மாற்றுவது குற்றமா?

சொல்லத் தயங்குவதற்கு ஒரு முக்கியமான காரணம், குருவை மாற்றுவது துரோகம் என்ற எண்ணம். சங்கீத உலகத்தின் வரலாற்றைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு முதல் குரு, வீணைக் கலைஞரான அவருடைய அம்மா சண்முகவடிவு. பிறகு செம்மங்குடி சீனிவாச ஐயரிடம் கற்றார். இந்துஸ்தானி இசையைப் பண்டிட் நாராயணராவ் வியாஸிடம் கற்றார். எம்.எல்.வசந்தகுமாரியின் அம்மா லலிதாங்கியும் பெயர்பெற்ற பாடகிதான். ஆனாலும் மகள் ஜி.என்.பாலசுப்ரமணியத்தின் சிஷ்யை ஆனார். டி.கே.பட்டம்மாள் ஒரே குருவிடம் குருகுலவாசமாக இருந்து கற்றவர் அல்லர். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும், பாபநாசம் சிவனின் பாடல்களை அவரிடமே நேரிலும் பாடம் செய்தார்.

அடித்தளம் போடுபவர் ஒருவர், குரலைப் பண்படுத்துபவர் ஒருவர், மனோதர்மம் சொல்லிக்கொடுப்பவர் இன்னொருவர் என்பது இந்த வித்தையில் புதிதல்ல. பிள்ளை வளர வளர, தேவையும் மாறும். மனத்தை நோகடிப்பது பிரிவு அல்ல, பிரிந்ததை மறைப்பதுதான்.

டீச்சர் சொன்ன பதில்

அம்மா போனில் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பிலும் அனுப்பவில்லை. மறுநாள் சனிக்கிழமை, வகுப்பு இல்லாத நேரமாகப் பார்த்து, மகனையும் கூட்டிக்கொண்டு நேரில் போனார். தொண்டை வலியை, டாக்டர் சொன்னதை, தெரு முனையில் சைக்கிள் நின்றதை, எதையும் மறைக்காமல் சொன்னார். "அவனுக்கு இனிமே ஆண் குரல்ல பாடுற ஒருத்தர்தான் சொல்லிக்கொடுக்கணும்னு தோணுது டீச்சர். உங்ககிட்ட கேக்காம வேற எங்கயும் போக மனசு வரலை" என்றார்.

டீச்சர் உடனே பேசவில்லை. எழுந்து போய் மோர் கொண்டுவந்து வைத்தார். பையனை, "மொட்டை மாடில துணி காயுது, எடுத்துட்டு வா தம்பி" என்று அனுப்பினார். அப்புறம் சொன்னார்.

"எனக்குப் பங்குனியிலயே தெரியும்மா. அவன் காந்தாரம் நிக்கல. நானே உங்கள கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சொன்னா, 'இவ்வளவு வருஷம் காசு வாங்கிட்டு இப்போ கழட்டி விடுறாங்க'ன்னு நீங்க நினைப்பீங்களோன்னு பயம். அது ஒண்ணு. மாசம் ஆயிரத்து இருநூறு ரூபாயும் ஒரு காரணம்தான். மறைக்க என்ன இருக்கு?"

டீச்சருக்கு அப்போது பதினோரு மாணவர்கள். பி.எஃப். இல்லை, பென்ஷன் இல்லை. மே மாதம் பிள்ளைகள் ஊருக்குப் போனால் அந்த மாதம் வருமானம் பாதி. ஒரு மாணவன் விலகுவது என்றால் வீட்டு மளிகைப் பட்டியலில் சில வரிகள் அடிபடுவது என்பதை எட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அம்மா முதல்முறையாக யோசித்தார்.

அதோடு டீச்சர் நிறுத்தவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண், 'டென்த்' என்று சொல்லி நின்றாள். நன்றாகப் பாடக்கூடியவள். அதே வருஷம் நவராத்திரியில் ஒரு வீட்டுக் கொலுவில், புது டீச்சரோடு அவள் உட்கார்ந்து பாடுவதை இவர் பார்த்தார். "என்னைப் பார்த்ததும் பாதிப் பாட்டுல நிறுத்திட்டா. நான் சுண்டல்கூட வாங்காம வந்துட்டேன். அவ வேற இடத்துக்குப் போனதுல எனக்கு வருத்தம் இல்லம்மா. அவளுக்கு மூச்சு எங்கே எடுக்கணும்கிறதுல ஒரு பழக்கக் கோளாறு இருந்துது. அதைத் திருத்திட்டிருந்தேன், பாதியில இருந்துது. புதுசா சொல்லிக்கொடுக்குறவங்களுக்கு அது தெரியாதே. அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புகூடக் கொடுக்கல."

பெரும்பாலான பெற்றோர் தவறவிடுவது இதைத்தான். இத்தனை வருஷம் கேட்ட காதுக்குத் தெரிந்தவை வேறு யாருக்கும் தெரியாது. பிள்ளை எந்த இடத்தில் அவசரப்படும், எந்த கமகத்தை மழுப்பும், திட்டினால் பாடுமா, தட்டிக்கொடுத்தால் பாடுமா என்பதெல்லாம் எந்த சர்டிஃபிகேட்டிலும் இருக்காது. சொல்லாமல் விலகினால் அத்தனையும் அந்த வீட்டுக் கூடத்திலேயே தங்கிவிடும்.

இரண்டு பக்கக் குறிப்பு

அடுத்த வாரம் டீச்சர் பையனின் பாட்டு நோட்டின் கடைசியில் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தார். என்னென்ன பாடம் ஆகியிருக்கிறது, எவையெல்லாம் அரைகுறை, தாளம் எங்கே ஓடும், எந்தெந்த ராகத்தை அவன் தானாகவே பாடிப் பார்ப்பான் என்று வரிசையாக இருந்தது. கடைசி வரி: 'கேட்டதை உடனே பிடித்துக்கொள்வான், அதனால் சாதகம் செய்யச் சோம்பல்படுவான்.' அதைப் படித்து அப்பாவே சிரித்துவிட்டார்.

அவர் சொன்ன யோசனைகளும் உபயோகமானவை. குரல் உடையும் வயதில் இருக்கும் எந்தப் பையனின் வீட்டுக்கும் அவை பொருந்தும். எட்டாத ஸ்வரத்தை எட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதற்காகப் பாட்டை அறவே நிறுத்தவும் வேண்டாம். சிரமமில்லாமல் வரும் சில ஸ்வரங்களை மட்டும் மெதுவாக, கொஞ்ச நேரம் பாடினால் போதும். குரல் சொன்னபடி கேட்காத நாளில் காதுக்கு வேலை கொடுக்கலாம். கச்சேரி கேட்பது, தாளம் போடுவது, ஸ்வரம் எழுதிப் பழகுவது எல்லாமே பயிற்சிதான். எந்தச் சுருதி என்பதை அவசரப்பட்டு முடிவுசெய்ய வேண்டாம். குரல் நிலைக்கும் வரை அது மாறிக்கொண்டே இருக்கும். வலி இருந்தாலோ, கரகரப்பு நாள்கணக்கில் நீடித்தாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அடுத்து யாரிடம் போவது என்பதையும் அவரே சொன்னார். ஸ்ரீரங்கத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்குத் தானே போன் செய்து பேசினார். அம்மா அந்த மாதச் சம்பளத்தோடு அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்தபோது முதலில் வாங்க மறுத்தார். "அந்த அஞ்சு மணிக்கு வேற பிள்ளை கிடைக்கிற வரைக்கும் டீச்சர்" என்று சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

எல்லா டீச்சர்களும் இவரைப் போல் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 'என்னிடம் கற்றதை வேறு இடத்தில் பாடாதே' என்பவர்களும் உண்டு. வகுப்பில் பிள்ளையை அவமானப்படுத்தியதாலேயே விலக வேண்டியிருந்தால், நீண்ட விளக்கம் தேவையில்லை. 'இனி அனுப்பவில்லை' என்று மரியாதையாக ஒரு வரி போதும். ஆனால் மனஸ்தாபம் எதுவும் இல்லாமல் தேவை மாறியதால் பிரிகிறோம் என்றால், சில விஷயங்களைக் கவனிக்கலாம்.

முடிந்தால் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். அவருக்கு அந்த நேரத்தை நிரப்ப அவகாசம் கிடைக்கும். பிள்ளையையும் கூட்டிப் போங்கள், விடைபெறுவதும் அது கற்கவேண்டிய ஒன்றுதான். புது டீச்சரோடு ஒப்பிட்டு ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். இரவல் வாங்கிய புத்தகம், தம்பூரா உறை வரை திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாக்கிச் சம்பளம் இருந்தால் கேட்பதற்கு முன் கொடுங்கள். முக்கியமாக, 'இவனைப் பத்திப் புதுசா சொல்லிக்கொடுக்குறவங்ககிட்ட என்ன சொல்லணும்?' என்று கேளுங்கள். அந்தக் கேள்வியே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை.

பையனை ஸ்ரீரங்கத்து சார் முதல் இரண்டு மாதம் பாடவே சொல்லவில்லை. நோட்டின் கடைசி இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, தாளம் போட்டுக் கேட்கச் சொன்னார். பிறகு கீழ் ஸ்தாயியில் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தார். இப்போது ஒன்றரைக் கட்டை. நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் கீச்சிடுவதில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிறான். பாட்டும் நடக்கிறது.

இந்த விஜயதசமிக்கு முதலில் உறையூர் டீச்சர் வீட்டுக்குத்தான் தாம்பூலத் தட்டோடு போனார்கள். அங்கே ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு குட்டிப் பெண், புதுப் பாவாடை சட்டையில், சரளி வரிசைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். செவ்வாய், வெள்ளி ஐந்து மணி இனி அவளுடையது. டீச்சர் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டையில் வைத்தார். பையனைப் பார்த்து, "நீ இதுல பாட முடியாது. தாளத்தையாவது போடு, பார்த்துக் கத்துக்கட்டும்" என்றார். அவன் சப்பணமிட்டு உட்கார்ந்து, அந்தக் குழந்தைக்குத் தெரியும்படி, நிதானமாக ஆதி தாளம் போட ஆரம்பித்தான்.